தாழ்ந்த பாலம்

படகுக்குள் நின்று நிமிர்ந்து பார்க்கிறவளுக்கு, படியிறங்கி வருகிறவர்களின் முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படும். தொமோயே அன்றைக்கும் கழியைக் கால்வாயின் அடியில் ஊன்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைப் படிகளை நோக்கி நீட்டியிருந்தாள். விடியும்வரை பெய்த மழையில் தண்ணீர் ஏறிக் கீழ்ப்படிகள் முழுகிக் கிடந்தன. முதலில் இறங்கியவை ஒரு முதியவரின் அழுக்கான கான்வாஸ் ஷூக்கள். அடுத்து அவர் மனைவியின் தட்டைச் செருப்பு. அதன் பின்னால் வந்தது ஒரு ஜோடி பழுப்புத் தோல் ஷூ. நாடாவை முடிச்சுப் போட்டு, மீந்த நுனிகள் வெளியே தெரியாதபடி உள்ளே செருகியிருந்தது. நீட்டியிருந்த கை தானாக மடங்கிவிட்டது. திருமணமாகி இருந்த காலம் முழுவதும் தினமும் காலையில் வாசலில் மண்டியிட்டு அந்த நாடாவைக் கட்டிவிட்டவள் அவள்தான். நுனி வெளியே தெரிந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களின் சாயங்காலங்களை அவள் மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

படகுக் கயிற்றைச் சரிசெய்கிறவள்போல் சட்டென்று குனிந்துகொண்டாள். அவன் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. இறங்கினான். அவன் எடைக்குப் படகு ஒரு பக்கம் அமிழ்ந்து நிமிர்ந்தது. 

"முன்னாடி உக்காரலாமா? என் மனைவி ஓவியம் பழகறவ. எதுவும் மறைக்காம பாக்கணும்."

கஸுனாரியின் குரல். அதே தணிந்த, மரியாதையான குரல். முதியவர்கள் உடனே எழுந்து பின்பலகைக்கு நகர்ந்துவிட்டார்கள். அந்தக் குரலுக்கு எல்லாரும் நகர்ந்துதான் கொடுப்பார்கள்.

அவன் பின்னால் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அவள் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். தயங்கித் தயங்கிப் படியிறங்கி, தொமோயேவின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு படகில் கால் வைத்தாள். சில்லிட்டுப்போன விரல்கள்.

"பாத்து, ஹோனமி. எப்பவும் அவசரம் உனக்கு," என்றான் கஸுனாரி சிரித்துக்கொண்டே. அவள் எந்த அவசரமும் படவில்லை.

பயணிகள் எல்லாரும் கோரைத் தொப்பி போட்டிருந்தார்கள். துறையில் நிற்கும் மேஸ்திரி ஒகிமோதோ டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அதைத் தலைதலையாக மாட்டிவிடுவார். தொமோயேவின் தலையிலும் அதுதான். அதன் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டாள். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டாள். மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி இடுப்புக் கச்சைக்குள் செருகும்போது ஊசி விரலில் ஏறியது. வலி தெரியவில்லை. பயணிகள் முன்பக்கம் பார்த்து உட்காருவார்கள், படகோட்டி பின்னால் நின்று தள்ளுவாள். அவன் திரும்பாத வரைக்கும் ஒன்றுமில்லை. மேலே போய், வளைந்து, திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். மேஸ்திரியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி இறங்கிவிடலாம்தான். ஆனால் அதற்கு வாய் திறக்க வேண்டும். அவன் கேட்கிற தூரத்தில் இருந்தான்.

கழியை ஊன்றித் தள்ளினாள். துறையருகே மிதந்த இரண்டு அன்னங்களைத் தாண்டிப் படகு கரையை விட்டது.

இந்த ஊரை அவள் தேர்ந்தெடுத்ததே அவனால்தான். நகோயாவில் அவன் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியன். குராஷிகி என்ற பெயரைக் கேட்டாலே உதட்டைச் சுழிப்பான். வெள்ளைச் சுவர்க் கிடங்குகளையும் வில்லோ மரங்களையும் காட்டி ஐஸ்கிரீம் விற்கிற ஊர், அங்கே இருக்கிற ஐரோப்பிய ஓவியங்கள் யாரோ ஒரு பஞ்சாலை முதலாளியின் ஆடம்பரம், அங்கெல்லாம் நான் கால் வைக்க மாட்டேன் என்பான். அவளைப் பாதுகாத்து வைத்திருந்த விடுதியில், எங்கே போய் வாழப்போகிறாய் என்று கேட்டபோது வாயில் முதலில் வந்த பெயர் அதுதான். அவன் கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன ஊர். வக்கீல் மூலமாக விவாகரத்துக் காகிதத்தில் அவன் கையெழுத்து வந்து சேர்ந்தது. நகராட்சிப் பதிவேட்டில் அவளுடைய முகவரியை யாருக்கும் காட்டக் கூடாது என்று முத்திரை போட்டார்கள். கழி பிடிக்க ஒகிமோதோதான் கற்றுக்கொடுத்தார். முதல் வருஷம் உள்ளங்கை உரிந்து உரிந்து காய்த்தது. தோள் அகன்றது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பழைய தொமோயே தெரியாத ஒரு நாள் வந்தது. அன்றைக்குத்தான் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாள்.

ஆனால் அவன் முகங்களை வரைகிறவன். முடியையும் தோளையும் பார்த்து ஆளை அறிகிறவன் இல்லை. கண்ணுக்கும் கன்ன எலும்புக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து அறிகிறவன்.

"ஏம்மா," என்று முதியவர் திரும்பினார். தொகுஜி என்று தன்னை மேஸ்திரியிடம் அறிமுகப்படுத்திக்கொண்டவர். நீகாதா பக்கத்து விவசாயி. காது சற்று மந்தம், அதனால் பேச்சு எல்லாம் சத்தம். "படகுல போனா கதையெல்லாம் சொல்லுவாங்கன்னு டிக்கெட் குடுத்த அம்மா சொல்லுச்சே. நீ வாயே தொறக்க மாட்டேங்கிறியே?"

தொமோயே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

"தொண்ட கட்டிருக்காம். விடுங்க அந்தப் பொண்ண," என்றாள் அவர் மனைவி ஹத்ஸுயே. "வீட்ல நான் நாப்பது வருஷமா பேசறேன், ஒரு வார்த்த காதுல விழுந்ததில்ல. இங்க வந்து கதை வேணுமாம் கதை."

"நீ சொல்றது கதையா? தீர்ப்பு!"

"தப்பா எடுத்துக்கலைன்னா நான் சொல்லட்டுமா?" கஸுனாரி தலையை மட்டும் லேசாகப் பக்கவாட்டில் சாய்த்தான். தொமோயேவின் கை கழியில் இறுகியது. அவன் முழுசாகத் திரும்பவில்லை. "நான் ஓவிய வாத்தியார். இந்த ஊர் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு பிரியம். எத்தனையோ வருஷமா வரணும்னு ஆசை."

"அப்படிப் போடுங்க!" என்றார் தொகுஜி.

அவன் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். இந்த மண்ணெல்லாம் ஒரு காலத்தில் கடல், அதைத் தூர்த்துப் பருத்தி விதைத்தது, நெல்லும் பருத்தியும் ஏற்றிய படகுகள் இதே தண்ணீரில் கடல் பொங்கும்போது ஏறி வடியும்போது இறங்கியது, பஞ்சாலைக்காரர் ஒருவர் தன் நண்பனான ஓவியரைக் கப்பலேற்றி அனுப்பி, மேல்நாட்டு ஓவியங்களை வாங்கி வரச் சொன்னது. தினமும் அவள் சொல்கிற அதே விஷயங்கள். அவள் சொல்வதைவிட அழகாக, நிறுத்தி நிறுத்தி. கரையில் நடக்கிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். அவள் தன் மூச்சுச் சத்தத்தை அடக்கிக்கொண்டு கழியைத் தூக்கித் தூக்கி ஊன்றினாள். தண்ணீர் பச்சையாக, கலங்கலாக இருந்தது.

"காலையில நாம பாத்த படத்தைச் சொல்லு, ஹோனமி," என்றான் அவன். "அந்தப் பெண் உக்காந்து படிச்சுட்டிருப்பா. தேவதூதன் வந்து நிப்பான். அவ திரும்பிப் பாப்பா. அவ முகத்துல என்ன இருந்தது?"

ஹோனமி சட்டைக்கைப் பொத்தானைத் திருகினாள். "பயம்," என்றாள்.

"பயமா?" சிரித்தான். "வியப்பு. பயத்துக்கும் வியப்புக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நீ எப்படி முகம் வரையப் போற? மறுபடி சொல்லு."

"வியப்பு."

"வியப்பு, சென்செய்," என்று எடுத்துக்கொடுத்தான், விளையாட்டுபோல. ஆசிரியரை அழைக்கிற அந்தச் சொல்லிலேயே அவள் அவனிடம் ஓவியம் படித்தவள் என்பது தெரிந்தது.

"வியப்பு, சென்செய்."

"பாருங்க, எவ்ளோ பொறுமையாச் சொல்லிக்குடுக்கறாரு," என்றாள் ஹத்ஸுயே கணவனிடம். "நீங்களும் இருக்கீங்களே."

மறுபடி சொல்லு. அந்த இரண்டு வார்த்தைகள் தொமோயேவின் முதுகுத்தண்டில் மேலிருந்து கீழாக இறங்கின. சோறு குழைந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். மறுபடி சொல்லு. பக்கத்து வீட்டு ஆளிடம் இனிமேல் பேச மாட்டேன். மறுபடி சொல்லு. குரல் ஒருபோதும் உயராது. கை உயர்வதற்கு முன்னால் குரல் இன்னும் தணியும். அவ்வளவுதான் அடையாளம்.

கல்லில் டிராகன்கள் செதுக்கிய பாலத்தின் அருகே வந்தார்கள். தண்ணீர் ஏறியிருந்த நாளில் பாலங்களுக்குக் கீழே இடம் குறைவு. தலை தாழ்த்தச் சொல்லிக் குரல் கொடுப்பது வழக்கம். தொமோயே கழியின் நடுப்பகுதியால் படகின் விளிம்பைத் தட்டினாள். எல்லாரும் குனிந்தார்கள். வெளியே வந்ததும், "அதோ பாருங்க, அந்த டிராகன்! ஓவியங்களை வாங்கி வந்த அதே ஓவியர் வரைஞ்சு குடுத்தது," என்று கஸுனாரி கையைச் சட்டென்று உயர்த்திக் காட்டினான். பக்கத்தில் ஹோனமியின் வலது தோள் காதுவரை ஏறியது. கழுத்து உள்ளே போனது. தொப்பி சரிந்தது. அடுத்த கணமே அவள் நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு டிராகனைப் பார்த்தாள்.

"கொசுவா?" என்று கேட்டாள் ஹத்ஸுயே.

"ஆமா," என்றாள் ஹோனமி.

தொமோயே கழியைத் தூக்க மறந்து நின்றாள். படகு தானாக நகர்ந்து கரையின் கல்லில் உரசியது.

"புதுசாக் கல்யாணம் ஆனவங்களா?" கிழவிக்கு ஆவல் அடங்கவில்லை.

"போன வருஷம்," என்றாள் ஹோனமி.

"எனக்கு இது ரெண்டாவது," என்றான் அவன், தண்ணீரைப் பார்த்தபடி. "முதல் மனைவி தவறிட்டா. மனசு சரியில்லாம இருந்தா பாவம். நான் பள்ளிக்கூடத்துல இருந்தப்போ வீட்டவிட்டுப் போயிட்டா. கடல் பக்கம்... அதப்பத்திப் பேச வேணாம்."

"அடப் பாவமே."

"தொமோயே-சான் படத்துக்கு நான்தான் தினம் காலையில சோறு வெக்கிறேன்," என்றாள் ஹோனமி. ஒப்பிப்பதுபோல் இருந்தது. "சென்செய் வரைஞ்ச படம். மாடத்துல வெச்சிருக்கோம். ஊதுவத்தி ஏத்தி, மணி அடிச்சு, கொஞ்ச நேரம் அவங்க முகத்தப் பாத்துட்டுத்தான் மத்த வேலை. அவங்கள நான் மறக்கக் கூடாதுன்னு சென்செய் சொல்லிருக்கார்."

தொமோயேவுக்குக் காதில் தண்ணீர் புகுந்ததுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. அந்தப் படம் எது என்று அவளுக்குத் தெரியும். அடித்த பிறகுதான் அவன் வரைவான். விளக்கடியில் உட்காரவைத்து, அசையாதே என்பான். பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். படத்தில் எந்தக் காயமும் இருக்காது. முடித்ததும் திருப்பிக் காட்டி, பார், எவ்வளவு அமைதியாக இருக்கிறாய் என்பான். அந்த அமைதியான முகத்தின் முன்னால் இந்தப் பெண் ஒவ்வொரு காலையும் மண்டியிட்டு உட்கார்கிறாள். செத்தவளுக்கு வைக்கிற சோறு. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது வக்கீலின் முத்திரை போட்ட காகிதத்திலிருந்தே அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மேல்முனையில் படகை வளைத்தாள். திரும்பும்போது பக்கவாட்டில் அவன் முகம் தெரிந்தது. நரைத்திருந்தான். அவன் கண் கரையில் நின்ற ஒரு கொக்கின் மேல் இருந்தது. அவள் தொப்பியைத் தாழ்த்திக் கழியின் நுனியையே பார்த்தாள். வளைந்தாகிவிட்டது. இனி மறுபடியும் முதுகுகள்தான். வரும்போது குனிந்து கடந்த அதே தாழ்ந்த பாலத்தை மறுபடி கடந்துவிட்டால் துறை தெரியும்.

கொக்கைப் பார்த்துவிட்டது அவன் மட்டும் அல்ல. "ஏய், கொக்கு கொக்கு! எங்க ஊர்க் கொக்கு மாதிரியே இருக்கு!" என்று தொகுஜி கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் விட்டுவந்த கொக்கை நோக்கி. தொமோயே கழியால் விளிம்பைத் தட்டினாள். அவருக்குக் கேட்கவில்லை. ஓங்கித் தட்டினாள். ஹத்ஸுயே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இரும்மா, ஒரே ஒண்ணு," என்றார் அவர். பாலத்தின் கல்விளிம்பு அவர் பின்மண்டைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. தொமோயே கழியை அடியில் ஊன்றிப் படகை நிறுத்தப் பார்த்தாள். சேறு இளகிக் கழி உள்ளே போனது. நிற்கவில்லை.

"உக்காருங்க! தலை! தலை!"

தொமோயேவின் குரல் பாலத்தடியில் மோதித் திரும்பி வந்தது. கிழவர் பொத்தென்று பலகையில் விழுந்தார். கல்விளிம்பு அவர் தொப்பியை மட்டும் தட்டிச் சாய்த்துவிட்டுப் போனது. பாலத்தின் நிழல் எல்லார் மேலும் விழுந்தது.

பாலத்தடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொமோயே கஸுனாரியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. டிராகனைக் காட்டிய கை இப்போது முழங்கால் மேல் இருந்தது. அதன் விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின. அல்லது மடங்கியதாக அவளுக்குத் தோன்றியது.

திரும்பியவள் ஹோனமிதான்.

சத்தம் வந்த திசையில் இயல்பாகத் திரும்பினாள். கத்தியதில் தொமோயேவின் துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. படகு நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஹோனமியின் கண்கள் அவள் முகத்தில் நின்றன. விலகின. மறுபடி வந்து நின்றன. அவள் வாய் சற்றே திறந்தது. அவள் முகம் வெளுத்ததைத் தொமோயே பார்த்தாள். ஹோனமி தினமும் காலையில் ஊதுவத்திப் புகைக்குப் பின்னால் பார்க்கிற முகம். நீள முடி இல்லை, அமைதி இல்லை, கறுத்திருக்கிறது. ஆனால் அதே முகம்.

இந்தப் பெண் இப்போது ஒரு சொல் சொன்னால் போதும். தொமோயே தலையை அசைக்கவும் பயந்தாள். பார்வையால் எதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கெஞ்சினாளா, எச்சரித்தாளா?

"என்ன பாக்கற?" என்றான் கஸுனாரி. திரும்பவில்லை. குரல் தணிந்திருந்தது.

ஹோனமி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னம்," என்றாள். "பின்னாடி அன்னம் வந்துச்சு."

"அன்னம் ரெண்டும் எதிர்ல, துறைக்குப் பக்கத்துலல்ல நிக்குது?"

"அப்ப... கொக்கா இருக்கும்."

"கொக்கு," என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி பேசிக்கலாம்," என்றான்.

தொகுஜிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஏம்மா, தொண்ட கட்டிருக்குன்ன? செத்தவனையும் எழுப்பிடுமே ஒன் சத்தம்!" ஹத்ஸுயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "உங்க மண்டை தப்பிச்சுதேன்னு அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லுங்க மொதல்ல." இருவரும் பின்னால் திரும்பித் திரும்பித் தலை வணங்கினார்கள். தொமோயே துண்டை மறுபடி ஏற்றிக்கொண்டு பதிலுக்கு வணங்கினாள். கழியைச் சேற்றிலிருந்து உருவி மறுபடி ஊன்றினாள்.

துறை வந்தது. ஒகிமோதோ கயிற்றைப் பிடித்துக் கட்டினார். இறங்கும்போது தொப்பியைப் படகோட்டி கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கஸுனாரி எழுந்து தொப்பியைக் கழற்றினான். பின்பக்கமாக ஓர் அடி வைத்தான்.

"குடுங்க, நான் குடுத்துட்டு வரேன்," என்று ஹோனமி அவன் கையிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்பதைவிடப் பிடுங்கினாள் என்பதுதான் சரி. அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அதற்குள் தொகுஜி அவன் தோளைத் தட்டி, "வாங்க வாத்தியாரே, கிழவனுக்கு ஒரு கை குடுங்க," என்றார். அவன் முதியவர்களைக் கைதாங்கிப் படியேற்றினான். அப்படிப்பட்ட காரியங்களை அவன் எப்போதும் செய்வான்.

ஹோனமி தொப்பிகளை அடுக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். தொமோயே வாங்கினாள். தொப்பிகளின் அடியில் இருவர் கைகளும் தொட்டுக்கொண்டன. ஹோனமியின் சட்டைக்கை சற்று மேலேறியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளும் ஊதாவும் கலந்த நிறம். நாலைந்து நாள் ஆனால் அந்த நிறம் வரும்.

"தொமோயே-சானா?" உதடு அசைந்ததா என்றுகூடச் சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய குரல்.

இல்லை என்று சொல்லிவிடலாம். நீங்கள் யாரையோ நினைத்துக்கொண்டீர்கள் என்று சிரித்துவிடலாம். இந்த ஊர், ஜன்னல் வைத்த அறை, காய்த்துப்போன உள்ளங்கை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் பத்திரமாக இருந்துவிடும். இந்தப் பெண் நாளைக் காலையில் மறுபடி சோறு வைப்பாள்.

"ஆமா," என்றாள் தொமோயே. "நான் சாகல."

ஹோனமியின் கண்ணில் நீர் நிறைந்து அப்படியே நின்றது. "எப்படிப் போனீங்க?"

"ஹோனமி," என்று மேலிருந்து அழைத்தான்.

"பகல்ல," என்றாள் தொமோயே. "குப்ப போடப் போற மாதிரி. கையில ஒண்ணுமில்லாம."

ஹோனமி குனிந்து, எல்லாப் பயணிகளும் சொல்வதுபோல நன்றி சொல்லிவிட்டுப் படியேறினாள். மேல்படியில் நின்ற கஸுனாரி படகை நோக்கித் திரும்பி, அளவாக இடுப்பை வளைத்து வணங்கினான். தொமோயே தொப்பிகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொண்டையப் பாத்துக்குங்க," என்றான் அவன். "குரல் போச்சுன்னா அப்புறம் திரும்பறது கஷ்டம்."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கறையாகவும் இருக்கலாம். அவன் போன பிறகும் அந்த வாக்கியம் படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கற?" ஒகிமோதோ படியிறங்கி வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டியா இல்லியா? கழியைக் குடு. இந்தச் சுத்து நான் போறேன். நீ உள்ள போய்ப் படு."

துறைக்குப் பின்னால் கருவிகள் வைக்கிற அறை இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. தாழ்ப்பாளின் இரும்பு கையில் படுகிற குளிர்ச்சிகூட அவளுக்கு இப்போதே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் இருவரும் துறையை ஒட்டிய கல்பாலத்தின் உச்சியில் நின்றிருந்தார்கள். ஹோனமியின் கைப்பை அவன் தோளில் தொங்கியது. பார்க்கிறவர்களுக்கு அன்பான கணவன். அவன் இரண்டு பலகாரங்கள் வாங்கி ஒன்றை அவளிடம் கொடுத்திருந்தான். அவள் அதைக் கடித்துக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தாள், மருந்து விழுங்குவதுபோல.

"இல்லண்ணே, நானே போறேன்," என்றாள் தொமோயே. தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் பாலமும், அதைத் தாண்டிய கடையும், கடையோரச் சந்தும் ஒன்றாகத் தெரியும்.

"நீ சொன்னா கேக்கவா போற," என்று முனகிக்கொண்டே ஒகிமோதோ அடுத்த பயணிகளுக்குத் தொப்பி மாட்டினார். ஓர் அப்பா, அம்மா, அவர்களுடைய தூங்கி வழியும் பெண் குழந்தை. தொமோயே படகைத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தாள். எதிரே கல்பாலம்.

ஹோனமி பலகாரக் காகிதத்தைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் கடைப் பக்கம் கைகாட்டினான். கடை வாசலில் குப்பைக் கூடை இருந்தது. அவள் பாலத்திலிருந்து இறங்கி நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். அவன் கைப்பிடிக் கல்லில் சாய்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் குறுக்கே வந்தது, மஞ்சள் தொப்பிகளாக. அவள் கூடைக்கு அருகில் போய் நின்றாள். காகிதத்தைப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே கூடையைத் தாண்டி ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. சந்து நேரே பஸ் ஓடுகிற பெரிய தெருவுக்குப் போகும். தெரு முனையில் போலீஸ் சாவடி. அவளுக்கு அது தெரியாது.

பாலத்தின் மேல் அவன் சாய்விலிருந்து நிமிர்ந்தான். எட்டிப் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டினான்.

தொமோயே துண்டைக் கழுத்திலிருந்து உருவிக் கீழே போட்டாள். தொப்பியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், விரல்கள் கேட்கவில்லை, அப்படியே பின்னுக்குத் தள்ளிவிட்டாள். அது கயிற்றோடு முதுகில் போய்த் தொங்கியது. வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

"வாங்க, வாங்க!" என்றாள். குரல் முதலில் உடைந்தது. மறுபடி, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். கரை முழுவதும் கேட்கிற மாதிரி. "குராஷிகிக்கு வந்திருக்கீங்க! இந்த மண்ணெல்லாம் ஒரு காலத்துல கடலு!"

தூங்கி வழிந்த குழந்தை திடுக்கிட்டு விழித்தது. கரையில் போனவர்கள் திரும்பினார்கள். பாலத்தின் மேல் அவனும் திரும்பினான். சந்துப் பக்கத்தை விட்டு, கூட்டத்தை விட்டு, தண்ணீருக்குத் திரும்பினான். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு முகத்தில் ஒன்றுமே இல்லை, வரைய உட்காரும்போது இருக்கிற முகம். அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் திரும்பிவிடுவான்.

"இங்க பருத்தி வெளைஞ்சுது! நெல்லு வந்துச்சு!" நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்து என்ன வரும் என்பது மறந்துபோனது. ஆயிரம் தடவை சொன்னதுதான். "படகுல வந்துச்சு. எல்லாம் படகுலதான் வந்துச்சு!" கழியைத் தூக்கினாள், ஊன்றினாள். அவன் கைப்பிடிக் கல்லில் இரு கைகளையும் வைத்து மெல்லக் கீழே குனிந்தான். அவன் தோளிலிருந்த கைப்பை சரிந்து தண்ணீருக்கு மேலே ஆடியது. அவனுக்குப் பின்னால் சந்து முனையில் மஞ்சள் தொப்பிகள் கடந்துகொண்டிருந்தன. அவற்றின் இடையே ஹோனமியின் வெள்ளைச் சட்டை தெரியவில்லை. படகு பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் நிழல் முதலில் குழந்தையின் மேல் விழுந்தது, பிறகு அதன் அம்மா மேல், பிறகு பலகைகளின் மேல் ஊர்ந்து அவள் காலை நோக்கி வந்தது.